பணம் உள்ளே இருந்தது, பாதுகாப்பு இல்லை: ஒரு யூலிப் பாலிசியின் கதை

பின்னணி

திருப்பூரில் வரிக்கணக்கு பார்க்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் தொழிலைச் சுற்றி வாழ்கிறவர்கள். இந்த ஆய்வில் வரும் குடும்பமும் அப்படித்தான். கணவர் பதினான்கு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். பவர் டேபிள் யூனிட், சொந்தப் பெயரில் நடக்கும் தொழில். மனைவி அங்கேயே செக்கிங்கும் கூலிக்கணக்கும் பார்க்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள், இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டுக்கடன் 18 லட்சம், மெஷின் கடன் 7 லட்சம். வரிக்கணக்கில் காட்டும் ஆண்டு வருமானம் ஆறரை லட்சம் ரூபாய் அளவில் இருக்கும்.

2019 முதல் இவருடைய கணக்கை நான்தான் பார்க்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

2020 மார்ச்: பாலிசி வந்த வழி

மார்ச் மாதம் வந்தால் வரி சேமிக்க எதையாவது வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வந்துவிடும். இவருக்கும் வந்தது. நடப்புக் கணக்கு வைத்திருந்த வங்கிக் கிளையில் ஒரு யூலிப் பாலிசியைச் சொன்னார்கள். ஆயுள் காப்பையும் சந்தைச் சேமிப்பையும் ஒன்றாகச் சேர்த்த திட்டம் அது. ஆண்டுக்கு 1 லட்சம் பிரீமியம், காப்பீட்டுத் தொகை 10 லட்சம், காலம் 15 ஆண்டு. கட்டும் பணம் முழுவதும் பங்குச்சந்தை ஃபண்டுக்குப் போகும். பாலிசி தொடங்கிய தேதி மார்ச் 6. அப்போது அவருக்கு வயது 38.

வாங்கும்போது கையெழுத்துப் போட்ட பலன் விளக்கத்தாள் பிறகு என் கைக்கு வந்தது. ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்ந்தால் எவ்வளவு, 8 சதவீதம் வளர்ந்தால் எவ்வளவு என்று இரண்டு பத்திகள் அதில் இருக்கும். இரண்டையும் காட்டியாக வேண்டும் என்பது விதி. இவருடைய தாளில் 8 சதவீதப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் ஹைலைட்டரால் தீட்டப்பட்டிருந்தது. பிரீமியம் நின்றால் என்ன ஆகும் என்ற பகுதி பாலிசிப் பத்திரத்தின் உள்பக்கங்களில், சின்ன எழுத்தில், தொடப்படாமல் கிடந்தது.

அவர் மனதில் பதிந்தது ஒரே ஒரு வரி: "அஞ்சு வருசம் கட்டுனா போதும்ங்க, அப்புறம் எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்." அது முழுப் பொய் இல்லை. யூலிப்பில் முதல் ஐந்து ஆண்டு பணத்தை வெளியே எடுக்க முடியாது, அதன்பின் அபராதமில்லாமல் எடுக்கலாம். ஆனால் அந்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுவது நின்றால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

பாலிசி தொடங்கி இரண்டரை வாரத்தில், மார்ச் 23 அன்று, பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 7,610 புள்ளியில் முடிந்தது. பிரீமியம் கட்டிய வாரத்தில் அது 11,000 புள்ளியைச் சுற்றி இருந்தது. ஒரு லட்சம் 66 ஆயிரமாகத் தெரிந்ததைப் பார்த்து இவர் தூக்கம் கெட்டார். சந்தை மீண்டதும் 2021-லும் 2022-லும் தவணை தவறாமல் கட்டினார். சந்தை ஏறி இறங்குவதைத் தாங்கும் மனம் அவருக்கு இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். கோளாறு வேறு இடத்திலிருந்து வந்தது.

2023 மார்ச் முதல் நவம்பர் வரை

2022-இல் நூல் விலை ஏறிய ஏற்றம் திருப்பூரில் யாருக்கும் மறந்திருக்காது. அதைத் தொடர்ந்து வெளிநாட்டு ஆர்டரும் மெலிந்தது. ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு வாரக்கூலி கொடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. 2023 மார்ச் 6-ஆம் தேதி பிரீமியத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் தானியங்கிப் பற்றுக்கு வங்கிக் கணக்கில் போதிய பணம் இல்லை. பிரீமியம் போகவில்லை, பற்று திரும்பியதற்கான கட்டணம் 590 ரூபாய் மட்டும் போனது. மறுபடி எடுப்பார்கள் என்று நினைத்துவிட்டார்.

தவறிய ஆண்டுப் பிரீமியத்தைக் கட்டத் தரும் சலுகைக் காலம் 30 நாள். ஏப்ரல் 5 அன்று அது முடிந்தது. நிறுவனம் கடிதம் அனுப்பியது, ஆனால் பழைய வாடகை வீட்டு முகவரிக்கு. குடும்பம் 2021-லேயே வீடு மாறியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. கடன் விளம்பரங்களுக்கு நடுவே அது போய்விட்டது.

ஜூலையில் வரிப் படிவம் தாக்கல் செய்ய வந்தார். மூன்று ஆண்டாக வருமான வரிச் சட்டத்தின் 80சி கழிவில் நான் எழுதிவந்த 1 லட்சம் அந்த ஆண்டு இல்லை. "இன்சூரன்ஸ் ரசீது இல்லையா இந்த வருசம்?" என்று கேட்டேன். "இந்த வருசம் கட்டலைங்க, பாத்துக்கலாம்" என்றார். சரி என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்காமல் விட்டது என் தவறு.

நவம்பரில் பக்கத்து யூனிட்காரர் மாரடைப்பில் இறந்துபோனார். நாற்பத்தைந்து வயதுதான். அந்த வீட்டில் ஆளாளுக்குப் பத்திரங்களைத் தேடியதைப் பார்த்துவிட்டு வந்த மனைவி, தன் வீட்டுக் காகிதங்களை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலேயே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பாலிசிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்து, "ஏனுங்கண்ணா, இது நடப்புல இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பையில் கண்டவை

பழைய வீட்டு உரிமையாளர் கொடுத்து அனுப்பிய நான்கு உறைகள் அந்தப் பையிலேயே இருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. மூன்றாவது உறையில் அந்த அறிவிப்பு இருந்தது: பாலிசி நிறுத்தப்பட்டது, ஃபண்ட் மதிப்பு நிறுத்தப்பட்ட பாலிசி நிதிக்கு மாற்றப்பட்டது, ஆயுள் காப்பு முடிந்தது. அன்று ஃபண்டில் இருந்தது 3 லட்சத்து 48 ஆயிரம். நான்காம் ஆண்டில் நின்றதால் நிறுத்தக் கட்டணம் 2,000 ரூபாய், அந்த அளவுப் பிரீமியத்துக்கு அதற்கு மேல் பிடிக்க விதி இடம் தராது. மீதி 3 லட்சத்து 46 ஆயிரம் பத்திரமாக இருந்தது.

இதைப் படித்துக் காட்டியபோது அவர் கேட்ட கேள்வியை மறக்க முடியாது. "பணம் அவங்ககிட்டதானே இருக்குது? அதுல இருந்து கழிச்சுக்கிட்டு காப்பீட்டை ஓட்டியிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. பலரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிரீமியம் நடப்பில் இருக்கும்வரை ஆயுள் காப்புக்கான கட்டணம் மாதாமாதம் யூனிட்டுகளை விற்றுத்தான் எடுக்கப்படுகிறது. அதைப் பார்க்கிறவர்கள், உள்ளே பணம் இருக்கும்வரை காப்பும் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. விதி அப்படி இல்லை. முதல் ஐந்து ஆண்டுக்குள் பிரீமியம் நின்று சலுகைக் காலமும் தாண்டிவிட்டால், பணம் தனி நிதிக்குப் போய்விடும். அங்கே குறைந்தபட்சம் ஆண்டுக்கு 4 சதவீத வளர்ச்சி உண்டு, நிர்வாகக் கட்டணம் அரை சதவீதத்துக்கு மேல் போகாது. பணத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் உயிருக்கான காப்பு அன்றோடு முடிகிறது. அதன்பின் கணவர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது அந்த நிதியில் இருக்கும் தொகை மட்டுமே. ஏப்ரல் 6 முதல் அந்த நவம்பர் நாள்வரை, 25 லட்சம் கடனும் இரண்டு பிள்ளைகளும் உள்ள அந்த வீட்டில் 10 லட்சம் என்று நினைத்திருந்த காப்பு இல்லவே இல்லை.

இதே பிரீமியம் ஐந்து ஆண்டு முடிந்த பிறகு நின்றிருந்தால் கதை வேறு. பாலிசி குறைக்கப்பட்ட தொகையோடு நடப்பில் இருந்திருக்கும். கட்டிய தவணைகளின் விகிதத்துக்குக் காப்பீட்டுத் தொகை சுருங்கும், ஆனால் அற்றுப்போகாது. காப்பு முற்றாக விலகுவது இளம் குடும்பங்களுக்குக் கைநெருக்கடி அதிகமாக இருக்கும் அந்த முதல் ஐந்து ஆண்டில்தான். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. விற்கும்போது முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

இன்னொன்றையும் அன்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இவருடைய பாலிசி, காப்பீட்டுத் தொகை அல்லது ஃபண்ட் மதிப்பு, இதில் எது அதிகமோ அதைத் தரும் வகை. கட்டிய பிரீமியத்தின் 105 சதவீதத்துக்குக் குறையாது என்ற வரம்பும் உண்டு. ஆக, நடப்பில் இருந்தபோதே அவர் இறந்திருந்தால் வரும் 10 லட்சத்தில் மூன்றரை லட்சம் அவர் சொந்தச் சேமிப்பு. நிறுவனம் தன் கையிலிருந்து போடுவது ஆறரை லட்சம்தான். ஃபண்ட் வளர வளர அந்தப் பங்கு குறைந்துகொண்டே போகும். வீட்டுக்கடனைக்கூட அது அடைத்திருக்காது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

இரண்டு நாள் கழித்துக் கணவரும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். கணவருக்கு முதலில் கோபம், வங்கியின்மீது புகார் கொடுக்க வேண்டும் என்றார். கொடுக்க வழி இருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்து, சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார்த் தளம், அதன்பின் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று போகலாம். ஆனால் விளக்கத்தாளில் கையெழுத்து அவருடையது. அறிவிப்பு அவர் கொடுத்திருந்த முகவரிக்கே போயிருக்கிறது. முகவரி மாற்றியதை அவர் தெரிவிக்கவில்லை. புகார் நிற்காது என்று சொன்னேன். அரை மணி நேரம் பேசியபின் ஏற்றுக்கொண்டார்.

முதல் முடிவு, யூலிப்பைத் தொடாமல் டேர்ம் பாலிசி எடுப்பது. மனைவி யூலிப்பைப் பற்றித்தான் கேட்டு வந்தார், மேசையில் இருந்ததும் அந்தப் பத்திரம்தான். அதைப் புதுப்பிப்பதா விடுவதா என்று பேசத் தொடங்கினால் ஒரு மாதம் அதிலேயே ஓடிவிடும். அந்த மாதமும் வீடு காப்பில்லாமல் இருக்கும். அதனால் அந்தப் பேச்சையே தள்ளிவைத்தோம். சேமிப்பு இல்லாமல், இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி, 75 லட்சத்துக்கு, 60 வயதுவரை. கடன் 25 லட்சம் போக மீதி, குடும்பத்தின் ஏழெட்டு ஆண்டுச் செலவுக்கும் படிப்புக்கும் ஆகும் என்ற கணக்கு.

இவருக்கு 2021-இல் சர்க்கரை வந்திருந்தது. விண்ணப்பத்தில் அதை எழுத வேண்டுமா என்று தயங்கினார். "மாத்திரைதானுங்க சாப்பிடறேன், ஊசி இல்லையே" என்றார். எழுதத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றேன். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு கடந்த பாலிசியை நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் மறைத்த ஒரு வரியே கிளெய்மைக் கவிழ்த்துவிடும். நின்றுபோன யூலிப்பையும் குறிப்பிட்டோம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள், இசிஜி பார்த்தார்கள். முதலில் 21,122 ரூபாய் என்று சொன்ன ஆண்டுப் பிரீமியம் சர்க்கரைக்காக 26,668 ஆனது, ஜிஎஸ்டி சேர்த்து. முகம் சுருங்கினாலும் கட்டினார். 2024 ஜனவரி 6 அன்று பாலிசி வந்தது.

விண்ணப்பம் போடும்போதே திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874-இன் 6-ஆம் பிரிவின் கீழ் மனைவியையும் பிள்ளைகளையும் பயனாளிகளாக்கினோம். சொந்தப் பெயரில் தொழில் நடத்துகிறவருக்கு இது முக்கியம். வரும் தொகையைத் தொழில் கடன்காரர்கள் கைவைக்க முடியாது. பிறகு சேர்க்கலாம் என்றால் முடியாது, பாலிசி எடுக்கும்போதே செய்ய வேண்டும். பின்னால் பெயரை மாற்றவும் முடியாது என்பதை இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்தோம்.

அப்புறம்தான் யூலிப்புக்கு வந்தோம். கட்டத் தவறிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள், அதாவது 2026 மார்ச்வரை, புதுப்பிக்கலாம். புதுப்பித்தால் பிடித்த 2,000 ரூபாயைத் திரும்பச் சேர்ப்பார்கள், பணம் மறுபடி பங்கு ஃபண்டுக்குப் போகும். ஆனால் விட்ட 1 லட்சத்தைக் கட்ட வேண்டும், மார்ச்சில் இன்னொரு லட்சம் காத்திருக்கிறது, மருத்துவ அறிக்கையும் புதிதாகக் கேட்பார்கள். வாரக்கூலிக்கே திணறும் தொழிலில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு லட்சம் எங்கிருந்து வரும்? கைமாற்று வாங்கிக் கட்டலாமா என்று கேட்டார். கடன் வாங்கிச் சந்தையில் போடுவதற்கு நான் உடன்படவில்லை.

தயக்கம் எனக்கும் இருந்தது. மூன்றரை லட்சம் 4, 5 சதவீதத்தில் உறங்கும்போது சந்தை ஏறினால் அவர்கள் இழப்பார்கள். இதை மறைக்காமல் சொன்னேன். காப்பு தனியாக வந்துவிட்டதால் இனி இது வெறும் சேமிப்புக் கேள்விதான், தவறினாலும் வீடு கவிழாது என்றும் சொன்னேன். புதுப்பிக்காமல் விடுவது, 2025 மார்ச்சில் ஐந்து ஆண்டு முடிந்ததும் வரும் தொகையை வாங்கிக்கொள்வது என்று முடிவானது.

வரியிலும் சிக்கல் இல்லை. பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. 2021 பிப்ரவரி 1-க்கு முன்பே எடுத்த பாலிசி என்பதால், அதன்பின் வந்த இரண்டரை லட்சப் பிரீமிய வரம்பும் இதைத் தொடாது. வருமான வரிச் சட்டத்தின் 10(10டி) பிரிவில் தொகை முழுவதும் விலக்கு. பிரீமியத்தின் ஏழு மடங்கு காப்போடும் யூலிப் விற்க அப்போதே விதி இடம் தந்தது. அப்படி எடுத்திருந்தால் இந்த விலக்கு போயிருக்கும்.

அதன் பிறகு

2024 செப்டம்பரில் நிஃப்டி 26,000 புள்ளியைத் தாண்டிய அன்று அவர் ஃபோன் செய்தார். குற்றம் சொல்லும் குரல் இல்லை, வருத்தம்தான். "அன்னைக்குப் புதுப்பிச்சிருந்தா இன்னேரம் ஒரு லட்சம் மேல ஏறியிருக்குமுங்களே?" ஆமாம், அந்த நாள் கணக்கில் ஏறியிருக்கும். அதை மறுக்கவில்லை.

2025 ஜனவரியில் மெஷினில் உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சுவலி. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவச் செலவைக் குடும்ப மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஏற்றது. இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் ஸ்டென்ட் வைத்த, சர்க்கரை உள்ள 42 வயதுக்காரருக்கு அந்தப் பிரீமியத்தில் 75 லட்சம் டேர்ம் பாலிசி இனி கிடைக்காது. கிடைக்குமா என்பதே சந்தேகம். ஏற்கெனவே நடப்பில் இருப்பதை, பிரீமியம் கட்டும்வரை, இந்த உடல்நிலையைக் காட்டி நிறுவனம் நிறுத்த முடியாது. மருத்துவமனை வராந்தாவில் மனைவி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அந்தத் தேதிதான்: "ஆறாந்தேதி பிரீமியம் கட்டியாச்சுல்லங்கண்ணா?" கட்டியிருந்தார்கள்.

மார்ச்சில் யூலிப் தொகை வந்தது, 3 லட்சத்து 82 ஆயிரம். அப்போது நிஃப்டி 22,100 அளவுக்கு இறங்கியிருந்தது. 2023 நவம்பரில் புதுப்பித்திருந்தால், ஏற்கெனவே இருந்த பணத்தில் கூடுதலாக 12 முதல் 15 ஆயிரம் கிடைத்திருக்கும் என்பது என் கணக்கு. வந்த தொகையில் 2 லட்சத்தை மெஷின் கடனில் கட்டினார்கள். மீதியை ஆறு மாத வீட்டுச் செலவுக்கென்று நிரந்தர வைப்பில் போட்டார்கள். பங்குச்சந்தைச் சேமிப்பை மறுபடி தொடங்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, ஆர்டர் சீரான பிறகு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

யூலிப் எல்லோருக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளம் நிலையாக வருகிறவர், 10, 15 ஆண்டு கட்டக்கூடியவர், தனியாக டேர்ம் வைத்திருப்பவர் எடுத்தால் அது ஒரு சேமிப்புத் திட்டமாக நன்றாகவே நடக்கும். வாரத்துக்கு வாரம் வரவு மாறும் தொழில்காரர்களிடம் குடும்பப் பாதுகாப்பு என்ற பெயரில் அதை மட்டும் விற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அவர்களிடம் முதலில் தவறக்கூடியது பிரீமியம், இங்கே காப்பு தொங்குவது அந்தப் பிரீமியத்தில்தான்.

2020-இல் பத்திரம் வந்த கையோடு இவர் என்னிடம் காட்டியிருந்தால், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 15 நாள் இருந்தது. இப்போது எல்லாப் பாலிசிக்கும் அது 30 நாள். எங்களிடம் வருகிறவர்களுக்கு இதை மார்ச் மாதத்திலேயே சொல்லிவிடுகிறேன், பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று.

பிரீமியம் நின்ற மார்ச்சிலேயே தெரிந்திருந்தால் சலுகைக் காலத்துக்குள் டேர்மை எடுத்துவிட்டு யூலிப்பை விட்டிருக்கலாம். ஒன்பது மாதம் வீடு காப்பில்லாமல் திறந்து கிடந்திருக்காது. ஜூலையில் நான் வெறுமையாக விட்ட அந்தக் கட்டத்துக்காக எங்கள் அலுவலகக் கணக்குத் தாளில் இப்போது ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். போன ஆண்டு இருந்த காப்பீட்டு ரசீது இந்த ஆண்டு இல்லையென்றால், ஏன் இல்லை, பாலிசியின் இன்றைய நிலை என்ன என்று எழுதாமல் படிவம் தாக்கல் ஆகாது. முகவரியும் கைபேசி எண்ணும் நிறுவனத்தின் பதிவில் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கிறோம். இந்த ஆண்டு அப்படிப் பார்த்ததில் இரண்டு வீட்டில் பாலிசி சலுகைக் காலத்தில் இருந்தது தெரிந்தது.

அந்தக் குடும்பத்தில் பாலிசி விவரம் இப்போது இருவர் கைபேசிக்கும் வருகிறது. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீங்கியதால் டேர்ம் பிரீமியம் 22,600 ரூபாயாகக் குறைந்தது. ஜனவரி 6-க்குக் கட்ட வேண்டியதை மனைவி டிசம்பர் கடைசி வாரத்திலேயே கட்டிவிட்டு, ரசீதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார்.